கணினி வரையாத இரண்டு நிக்கல் அணுக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரதங்களின் வடிவத்தைக் கணினியே கணித்துவிடுவதால் புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அவற்றின் வடிவம் காணும் படிகவியல் கூடங்களுக்கு இனி வேலையில்லை என்ற பேச்சு, 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குப் பின் அடிக்கடி காதில் விழுகிறது. தாவரப் புரதங்களைப் பொறுத்தவரை இது அவசரப்பட்ட முடிவு என்பதற்கு யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் யூரியேஸ் என்ற நொதி ஒன்றே போதும்.

ஊறவைத்து அரைத்த பச்சைச் சோயாவின் வடிநீரில் ஒரு சிட்டிகை யூரியாவைக் கரைத்து, அதில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால் சிறிது நேரத்தில் நீலமாகிவிடும். அம்மோனியா நெடியும் மூக்கில் ஏறும். வகுப்பில் பல ஆண்டுகள் இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். இந்த வேலையைச் செய்யும் யூரியேஸை, நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் மாவிலிருந்து அசிட்டோன் கலந்த நீரால் பிரித்து, 1926இல் படிகமாக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர். (இளமையிலேயே இடக்கையை இழந்தவர், அத்தனை வேலையையும் ஒற்றைக் கையால் செய்தார்.) நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதை வில்ஸ்டேட்டர் போன்ற பெரும் வேதியியலாளர்கள் ஏற்கவில்லை, நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. யூரியேஸில் நிக்கல் இருப்பது தெரியவர 1975 ஆயிற்று. அணுக்கள் அமைந்த முறையோடு அதன் வடிவம் வெளியானது 2010இல், கண்டவர்கள், ஜி.என். இராமச்சந்திரன் வளர்த்தெடுத்த சென்னைப் பல்கலைக்கழகத் துறையின் ஆய்வாளர்கள். தாவர யூரியேஸ் ஒன்றின் வடிவம் உலகுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலின் வழியே 2022இல் வெளியான 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் வியப்புக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை அமினோ அமிலச் சங்கிலியின் மடிப்பை மட்டுமே காட்டுகின்றன; யூரியேஸின் நடுவே யூரியாவை உடைக்கும் அந்த இரண்டு நிக்கல் அணுக்கள் அங்கே இல்லை. வயலில் தூவிய யூரியா அம்மோனியாவாகிக் காற்றோடு போவதைத் தடுக்கும் வேதிப்பொருளை வடிவமைப்பவருக்கு வேண்டியதோ அந்த இடம்தான். 2024இல் வந்த புதிய பதிப்பு உலோக அயனிகளையும் கணிக்கிறது என்றாலும், அதுவும் எக்ஸ் கதிராலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் கூடங்களில் கண்டறிந்த வடிவங்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் யூரியேஸின் வடிவத்தைக் கண்ட அந்தப் பணியைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை, ஜாக் பீன் விதையின் படத்தோடு, வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மன்னார்குடி.