‘ஐ5’ என்றால் எந்த ஐ5?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் தங்கள் நாளிதழில் வரும் முழுப்பக்க லேப்டாப் விளம்பரங்களைப் பற்றியது இக்கடிதம். விலை, மாதத் தவணை, இலவசமாகத் தரும் பை, மவுஸ் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. லேப்டாப்பின் மூளையான சிப், அதாவது பிராசசர் என்று வரும்போது மட்டும் ‘ஐ5’, ‘ரைசன் 5’, ‘கோர் 7’ என்று முடித்துக்கொள்கிறார்கள். வாங்குபவருக்கு வேண்டிய விவரமோ அதற்கு அடுத்து வரும் நான்கைந்து எழுத்துகளில்தான் இருக்கிறது. அரிசிக் கடையில் பொன்னி என்று சொன்னால் புழுங்கலா, பச்சையா, பழசா, புதுசா என்று கேட்காமல் யாரும் மூட்டையைத் தூக்குவதில்லை. அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளுக்கு அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

பிராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசையில் இருந்து தொடங்குகிறேன். ஏமாறுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு சிப்கள் உண்டு. எண்ணில் வித்தியாசம் வெறும் பத்து. முதலாவதில் 4 கோர் (கணக்கிடும் அலகு), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை), 4 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்). இரண்டாவதில் 6 கோர், 12 திரெட், 16 எம்பி கேஷ். ஏஎம்டி சிப்களின் உள்வடிவமைப்புக்குப் பெயர் ஸென்; எண் கூடினால் புதுசு. முன்னது 2019இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, பின்னது 2020 கடைசியில் வந்த ஸென் 3. போதாக்குறைக்கு 7520யூ உள்ள லேப்டாப்பில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இதே வரிசையில் வரும் 7535எச்எஸ் ஸென் 3 பிளஸ். 7640எச்எஸ் ஸென் 4. நான்கையும் ‘ரைசன் 5 7000 சீரிஸ்’ என்று ஒரே வரியில் விளம்பரம் செய்ய முடியும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல்.

இந்த வரிசையைப் படிக்கும் முறையை ஏஎம்டியே 2022இல் வெளியிட்டது. முதல் இலக்கம் விற்பனைக்கு வரும் ஆண்டு (7 என்றால் 2023, 8 என்றால் 2024), இரண்டாவது தரம், மூன்றாவது ஸென் தலைமுறை. ஆகவே பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கத்தை. 7520 என்பதில் 2, 7640 என்பதில் 4. ஆனால் இந்தச் சூத்திரம் 7000, 8000 வரிசைகளுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முந்தைய 5000 வரிசையில் 5500யூ ஸென் 2, 5600யூ ஸென் 3. மூன்றாவது இலக்கம் இரண்டிலும் பூஜ்யம். 2024இல் ‘ரைசன் ஏஐ 300’ என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். மக்கள் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு முடிக்கும்போது அந்த முறையே போய்விடுகிறது.

இன்றைய நிலையில் ஏஎம்டியில் கவனிக்க வேண்டியது ‘ஏஐ’ என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்பது. ரைசன் ஏஐ 7 350 என்பது ஸென் 5. ரைசன் 7 250 என்பது 2025இல் புதுப்பெயர் சூட்டப்பட்ட பழைய 8040 வரிசைச் சிப், அதாவது ஸென் 4. மோசமான சிப் அல்ல, அலுவலக வேலைக்கு நன்றாகவே ஓடும். அதற்குப் புது சிப்பின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இன்டெல்லிலும் இதே கதைதான். 2023 கடைசியில் ‘ஐ’ என்ற எழுத்தை எடுத்துவிட்டு ‘கோர் அல்ட்ரா’, ‘கோர்’ என்று இரண்டு கிளைகளாகப் பிரித்தார்கள். புது வடிவமைப்புகள் அல்ட்ராவில் வந்தன. அல்ட்ரா இல்லாத கோர் 5 120யூ, 13-வது தலைமுறை ஐ5 1335யூவின் மறுபதிப்பு. இரண்டிலும் 2 பெரிய கோர், 8 சிறிய கோர். உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0 ஆகக் கூடியிருக்கிறது. ஐ5 12450எச், ஐ5 13420எச், கோர் 5 210எச் ஆகிய மூன்றும் அப்படியே: 4 பெரியது, 4 சிறியது, 12 திரெட், 12 எம்பி கேஷ். உச்ச வேகம் முறையே 4.4, 4.6, 4.8. மூன்று பெயர்கள், மூன்று விலைகள். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரிவது கடினம்.

சில ஷோரூம்களில் கோர் 5 120யூவை ‘14-வது ஜெனரேஷன்’ என்று சொல்லி விற்கிறார்கள். இன்டெல் லேப்டாப் சிப்களில் 14-வது தலைமுறை என்ற பெயர் 14650எச்எக்ஸ், 14900எச்எக்ஸ் போன்ற எச்எக்ஸ் வகைக்கு மட்டுமே உண்டு. மெல்லிய லேப்டாப்பைக் காட்டி 14-வது தலைமுறை என்று யாராவது சொன்னால், அவருக்கே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

‘10 கோர்’ என்ற விளம்பர வரியும் அப்படித்தான். மேலே சொன்ன 1335யூவில் கனமான வேலையை இழுப்பவை 2 கோர்கள்தான். மற்ற எட்டும் சிக்கனமாக ஓடும் சிறிய கோர்கள். ‘4.6 கிகாஹெர்ட்ஸ் வரை’ என்பது ஓரிரு கோர் சிறிது நேரம் தொடும் உச்சம். பெரிய கோரின் அடிப்படை வேகம் 1.3தான். ஐ3 என்ற பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐ3 1215யூவில் 2 பெரியது, 4 சிறியது. ஐ3 என்305இல் எட்டு கோர் உண்டு, ஆனால் பெரிய கோர் ஒன்றுகூட இல்லை. எட்டு ஆறைவிடப் பெரிது என்று கணக்குப் போட்டு என்305ஐ வாங்கினால், எக்செல்லில் பெரிய கோப்பைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும். யூ என்றால் 15 வாட் அளவில் ஓடும் மெல்லிய லேப்டாப், பேட்டரி நிற்கும். எச் என்றால் 45 வாட். வீடியோ எடிட்டிங், கேட் (கணினியில் வரைபடம் போடுவது), கேம் போன்றவற்றுக்கு. நல்ல விசிறியும் தடிமனும் இல்லாத உடம்பில் எச் சிப்பைத் திணித்தால் சில நிமிடங்களில் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல்லின் எச்எக்ஸ் என்பது டெஸ்க்டாப் ரகச் சிப், 55 வாட். ஆனால் ஏஎம்டியின் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 என்ற பெயரில் வரும் எச்எக்ஸுக்கு அந்தப் பொருள் இல்லை. அதன் இயல்பு அளவு 28 வாட். ஒரே எழுத்துக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு பொருள்.

கோர் அல்ட்ராவுக்குள்ளும் எண்ணை மட்டும் பார்த்தால் வழுக்கும். அல்ட்ரா 7 258வியும் அல்ட்ரா 7 255எச்சும் வேறு வேறு குடும்பம். 258வியில் 8 கோர், பேட்டரி நீடிக்கும், ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பிறகு கூட்ட முடியாது. இந்த ‘வி’ வகையில் கடைசி இலக்கம் 6 என்றால் ரேம் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி. 255எச்சில் 16 கோர். நீண்ட நேரக் கனமான வேலைக்கு இதுதான். ஆனால் மைக்ரோசாஃப்டின் ‘கோபைலட் பிளஸ்’ என்ற ஏஐ வசதிகளுக்கு என்பியூ (சிப்பில் ஏஐ வேலைக்கான தனிப் பகுதி) 40 டாப்ஸ் (அதன் வேக அளவு) வேண்டும். 255எச்சின் என்பியூ 13 டாப்ஸ்தான். ‘ஏஐ பிசி’ ஸ்டிக்கரோ இரண்டு லேப்டாப்பிலும் ஒட்டியிருக்கலாம்.

இன்டெல், ஏஎம்டி அல்லாத, ஏஆர்எம் வகைச் சிப்பான ஸ்னாப்டிராகன் எக்ஸ் உள்ள லேப்டாப்பை வாங்குபவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சாதாரண மென்பொருள்களை விண்டோஸ் அந்தச் சிப்புக்கு ஏற்ப மொழிமாற்றி ஓட்டிவிடும்; கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்டாது. பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பயோமெட்ரிக் கருவி வைத்திருக்கும் கணக்காளர்களும் சேவை மையத்தாரும் ஏஆர்எம்64 டிரைவர் உண்டா என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியது எளிது. பெட்டி மீதுள்ள ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைப் படியுங்கள். ஒரே லேப்டாப் பெயரில் நான்கைந்து பிராசசர்கள் வருவதால் டெமோ பீஸை நம்பக் கூடாது. பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பை ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்ற இடத்தில் முழுப் பெயர், கோர், திரெட் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அங்கேயே மெமரி என்பதைத் தொட்டு எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால் சிப்பின் கிராபிக்ஸ் மந்தமாகும். 12, 13-வது தலைமுறை ஐ5, ஐ7களில் கிராபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று வர வேண்டியது, அதைவிடக் குறைந்த யூஎச்டி என்று காட்டுவதற்குக் காரணம் இதுதான். அதே அளவில் இன்னொரு ரேம் போட்டால் சரியாகும்.

பிறகு அந்த முழு எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி இணையதளத்தில் தேடுங்கள். இன்டெல் பக்கத்தில் வெளியான காலாண்டும் குடும்பப் பெயரும், ஏஎம்டி பக்கத்தில் எந்த ஸென் என்பதும் இருக்கும். மேலே உள்ள குழப்பம் முழுவதும் அந்த இரண்டு வரியில் தீர்ந்துவிடும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய லேப்டாப் தேடுபவர்களுக்குத் தலைமுறை எண் இன்னும் முக்கியம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு பொதுவாக இன்டெல் 8-வது தலைமுறையாவது வேண்டும். ‘ஐ7’ என்று பளபளக்கும் 7500யூவில் இருப்பது 2 கோர்தான். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இல்லை. சாதாரண ஐ5 8250யூவில் 4 கோர், பட்டியலிலும் உண்டு. ஐ7 என்பதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தங்களிடம் வேண்டுவது இதுதான். லேப்டாப் விளம்பரங்களை ஏற்கும்போது பிராசசரின் முழு எண்ணை, அதே எழுத்தளவில், போடச் சொல்லித் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாம். ‘ஐ5’ என்ற இடத்தில் ‘ஐ5 1335யூ’ என்று அச்சிட விளம்பரதாரருக்கு ஒரு பைசா கூடச் செலவில்லை. வாசகர்களும் பில்லில் ‘லேப்டாப் ஐ5 – 1’ என்று எழுதினால் வாங்கிக்கொள்ளாமல், மாடல் எண், பிராசசர் எண், சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்ய நேர்ந்தால், கையில் காட்ட அந்த பில் வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர் ஒருவர்,
திருச்சி.