சிறுநீரகத்தைப் பார்க்கிறோம், காதை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆன்டிபயாடிக் கட்டுரையைப் படித்தேன். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் காதைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். செவித்திறன் பரிசோதிப்பதே என் வேலை என்பதால், அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் சரியாகிவிடும். காது அப்படியில்லை. உட்காதில் ஒலியை உணரும் மயிர் செல்கள் அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. கிரியாட்டினின் ஏறினால் லேப் ரிப்போர்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். காது கெடுவதைக் காட்ட அப்படியொரு ரத்தப் பரிசோதனை கிடையாது.

முதலில் போவது கீச்சென்ற உச்ச ஒலிகள். வழக்கமான ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை 8,000 ஹெர்ட்ஸ் உயரமுள்ள ஒலியோடு நின்றுவிடும். பாதிப்போ அதற்கும் மேலே தொடங்குகிறது. அந்த நேரத்தில் கேட்டால், "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்பார்கள். அது மெல்ல இறங்கிப் பேச்சின் எல்லைக்கு வந்த பிறகுதான், "குரல் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்று எங்களிடம் வருகிறார்கள். ச, ஸ போன்ற ஒலிகள் தேய்ந்துபோயிருக்கும். வயதானவர் என்றால் வயதின் மேல் பழியைப் போட்டு வீட்டில் விட்டுவிடுவார்கள்.

உடல் சாயாமல் நிற்க உதவும் சமநிலை உறுப்பும் உட்காதில்தான் இருக்கிறது. அது போவது இன்னும் மோசம். ஜென்டாமைசினும் அதே வகையைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசினும் அதைத்தான் அதிகம் தாக்கும். இரண்டு காதிலும் சேர்ந்தே கெடுவதால் தலை சுற்றாமலேயே இருக்கலாம். நின்று பார்த்தால் பெயர்ப்பலகையைப் படிக்க முடியும். நடந்துகொண்டே பார்த்தால் எழுத்துகள் குதிக்கும். இருட்டில் கால் தடுமாறும், முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்வார். படுக்கையில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. எழுந்து நடக்கத் தொடங்கியதும் காய்ச்சல் கிடந்த பலவீனம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ரத்தத்தில் கிருமி பரவியவர்களையும் பச்சிளங் குழந்தைகளையும் காப்பாற்றுகிற மருந்து இது. எடைக்கேற்ற அளவை நாளுக்கு ஒரே வேளையாகக் கொடுப்பது இப்போது பல இடங்களில் வழக்கம். ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்துக்குப் போகும்போது கிருமி சாகிறது. அடுத்த ஊசிக்குள் சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற அவகாசமும் கிடைக்கிறது. ஊசி போடும் நாட்கள் நீளும்போதுதான், அல்லது சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்போதுதான் எனக்குக் கவலை. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு, இன்னொரு ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் போன்றவை கூடச் சேர்ந்தால் ஆபத்து ஏறும்.

ஒரு கேள்வியை மட்டும் ஊசிக்கு முன்பே கேட்டுவிடலாம்: தாய்வழியில் யாருக்காவது இதுபோன்ற ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருக்கிறதா? செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். அது இருப்பவர்களுக்குச் சரியான அளவு ஊசியிலேயே காது போய்விடலாம். கர்ப்பிணிகளும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காசநோய் சிகிச்சையில் இந்தப் பாடம் ஓரளவு ஏறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டுதலில் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இதே வகை ஊசியான கனமைசினைக் கைவிட்டது. அமிகாசினையும் பக்க விளைவுகளைக் கண்காணிக்க வசதியிருந்தால்தான் கொடுக்கச் சொன்னது. வேறு நோய்களுக்கு வாரக்கணக்கில் இதே ஊசி போடும்போது மட்டும் ஏன் காதை மறந்துவிடுகிறோம்? முதல் ஊசிக்கு முன் ஒரு ஆடியோகிராம், நடுவில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று. கேட்பது அவ்வளவுதான்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நின்று சில வாரங்கள் கழித்தும் காதில் இரைச்சல் தொடங்கலாம். அப்போது எங்களிடம் வருபவர்களில் பலருக்கு "ஏதோ ஊசி போட்டாங்க" என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர் ஒருவர்