டச்சிங் செய்யாத ஒரு படம் அனுப்பு

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மழை விட்டபாடில்லை. அண்ணன் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டான். மற்றதை அண்ணி போனில் சொல்லியிருப்பாள். நீ அவளோடு மட்டும்தான் பேசுகிறாய் என்று கேள்வி.

நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டாள். கொழும்பு பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது, பூசினாற்போல் இருக்கிறாள் என்று அவளுக்குப் பெருமை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

படத்தில் நீ செய்த டச்சிங் வேலை சுத்தம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த ஹட்டன் ஸ்டுடியோவில் நெகட்டிவைச் சாய்வு மேசையில் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, கூர்மையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவோம். முகத்தின் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாகத் தெரியும். அதன்மேல் பென்சில் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கொஞ்சம் கூடிவிட்டால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும். நீ அந்தப் பிழையைச் செய்யவில்லை. கன்னத்தில் தோலின் துளைகளைக்கூட விட்டுவைத்திருக்கிறாய். யாரும் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமலே உனக்கு இந்த நிதானம் வந்திருக்கிறது.

ஆனால் கண்ணுக்குக் கீழே மட்டும் துளைகள் இல்லை. கழுத்தெலும்பு எடுத்துக்கொண்டு நிற்கிறது, கன்னம் நிறைந்திருக்கிறது. அந்தக் கழுத்துக்கு அந்தக் கன்னம் பொருந்தவில்லை, மகள்.

இரவு வேலை கூடுதலோ? நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கள் முதலாளி சொல்லித்தந்ததை உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். பரு, வியர்வை, கலைந்த முடி, கொசுக்கடி எல்லாம் அடுத்த வாரம் முகத்தில் இருக்காது, எடுத்துவிடலாம். மச்சமும் தழும்பும் ஆளோடு இருப்பவை. கேட்டால் கொஞ்சம் மங்க வைக்கலாமே தவிர அழிக்கக் கூடாது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்காக வந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் அங்கே சேர்ந்தேன். பாஸ்போர்ட் படத்தில் பென்சில் வைக்கவே மாட்டோம். அதை எடுத்து முடித்ததும், போகிறவர்களும் இங்கேயே தங்குகிறவர்களுமாக ஒரு குடும்பப் படம் கேட்பார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள்? ஒரு பெண் தன் தாயின் நெற்றித் தழும்பை எடுத்துவிடச் சொன்னாள். முதலாளி முடியாது என்றார். நாளைக்கு நீ உன் அம்மாவை நினைத்துப் பார்க்கும்போது அந்தத் தழும்பைத்தான் முதலில் தேடுவாய் என்றார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

நிறத்திலும் அவர் கை வைக்க விடமாட்டார். கல்யாணத்துக்குக் கொடுக்கும் படம் என்றால் கேட்காமலே வெளுத்துக் கொடுப்பார்கள் என்று உன் வேலையிடத்தைப் பற்றி நீ சொன்னது என் மனதிலேயே நிற்கிறது. 1994இல் அமெரிக்காவின் டைம் சஞ்சிகை, கொலை வழக்கில் கைதான ஓ. ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தைக் கருக்கி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் கருக்காமல் போட்டிருந்தது. இரண்டையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். குற்றம் சாட்டப்பட்டவனைக் கருக்குவதும் மணப்பெண்ணை வெளுப்பதும் ஒரே நினைப்பில் செய்கிற வேலைதான். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்க்கும்போது அவள் தலை குனிகிறாள். படத்தை வெளுத்தவர் அங்கே இருப்பதில்லை. அந்த வேலை உன்னிடம் வந்தால், முடியாது என்று சொல்லத் தைரியம் வேண்டும். சொல்ல முடியாத இடமென்றால், அது உனக்கு இடமில்லை.

அப்பாயியின் படத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பூஞ்சணம் தின்ற படத்தில் மடிப்பை எடுத்தாய், சேலைக் கரையை மீட்டாய். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடி அமுங்கிய இடத்தையும் அப்படியே விட்டாய். அண்ணன் அதைப் பார்த்து நெடுநேரம் பேசவில்லை. ஆனால் அழிந்துபோன இடது கண்ணைக் கம்ப்யூட்டரே போட்டுத் தந்தது என்றாயே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அந்தச் செயற்கை நுண்ணறிவு, முன்பின் தெரியாத ஆயிரமாயிரம் முகங்களில் படித்ததை வைத்து ஒரு கண்ணை எழுதியிருக்கிறது. அழகான கண்தான். என்னை ஒருநாளும் பார்க்காத கண். அந்த இடத்தைக் கறையாகவே விட்டு இன்னொரு பிரதி அனுப்பு, அதையே சட்டம் போட்டு மாட்டுவோம்.

சென் மேரிஸ் தேவாலயத்தில் ஒரு வெள்ளைக்காரம்மாவின் கல்லறையைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன், 1879இல் இறந்தவர். கண்ணாடித் தகட்டில் முகங்களை எடுத்தவர். தகட்டில் விழுந்த கீறலையும் கறையையும் மறைக்காமல் விட்டதற்காக அந்தக் காலத்துப் படக்காரர்கள் அவரைக் குறைசொன்னார்கள். இலங்கைக்கு வந்த பிறகு தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்களையும் எடுத்திருக்கிறார். அந்த முகங்கள் களைத்துத்தான் இருக்கின்றன. களைப்பு வெளியே தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதே.

நோர்வேயில் 2022இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. விளம்பரப் படத்தில் ஆளின் உடலையோ தோலையோ மாற்றியிருந்தால், மாற்றியது என்று அதிலேயே குறிக்க வேண்டும். விளம்பரம் பார்க்கும் ஊர்பேர் தெரியாதவர்களுக்கே அவ்வளவு பாதுகாப்பு. பெற்றவர்களுக்கு அனுப்பும் படத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை.

கல்யாணத் தரகரிடம் உன் இந்தப் படத்தைக் கொடுக்கச் சொல்லி அம்மா நெருக்குகிறாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. அவளுக்குப் பென்சில் வைத்த இடம் தெரியாது, எனக்குத் தெரியும்.

பகலில் ஜன்னல் பக்கமாக நின்று, போனில் எடுத்ததை அப்படியே எனக்கு மட்டும் அனுப்பு. யாருக்கும் காட்ட மாட்டேன். எதையும் கேட்கவும் மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். படம் எடுக்க மனமில்லையென்றால் நீயே புறப்பட்டு வா. லீவு தரவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வா, அந்தச் சம்பளத்தை நம்பி இங்கே உலை வைக்கவில்லை. அவிசாவளை வழியாக வரும் பஸ்ஸில் ஏறியதும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல். இரவு எந்நேரமானாலும் ஹட்டனில் ஆட்டோவோடு நிற்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா