மனை முதலீட்டு வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். மனை வாங்கி விற்கப் பழகும் புதியவர்களிடம் கட்டணம் வாங்கலாமா, கூடாதா என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி எழுகிறது. தாராளமாக வாங்குங்கள் என்பதே என் கருத்து. எனக்கு அச்சம் தருவது இலவச வகுப்புதான்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என் மேசைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கட்டணமில்லா வகுப்பு, மதியம் சாப்பாடு, மாலையில் வேனில் அழைத்துப்போய் மனை காட்டுதல். அங்கேயே 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தார். மனைப்பிரிவு வரைபடத்தையும் அரசு நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலையும் பக்கம் பக்கமாக விரித்தபோது, அவருக்குக் காட்டிய மனையின் வடபாதியில் வாய்க்கால் கோடு ஓடியது. "வில்லங்கத்தில் ஒன்றும் இல்லையே, ஐயா" என்றார். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும், பதியாத உயிலோ, நீதிமன்றத்தில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ, வாய்க்கால் புறம்போக்கோ அதில் தெரியவேண்டும் என்பதில்லை என்று அன்று முழுக்க எவரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேன் காலியாகத் திரும்பியிருக்கும். விற்ற மனைக்கு இவ்வளவு என்று வகுப்பெடுத்தவருக்கு ஒரு தொகை போனது பிறகுதான் தெரிந்தது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்திக் கூலி பெறுபவரை, எந்தப் பெயரில் அழைத்தாலும், முகவர் என்றே கொள்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் பதியவேண்டிய மனைப்பிரிவுகளை விற்றுத்தர அவரும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆசான் என்றோ வழிகாட்டி என்றோ பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

கட்டணம் வாங்குபவர் மாணவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தரகு வாங்குபவர் விற்பவருக்கு. ஒரே மாணவரை வைத்து இரண்டையும் வாங்குவது, வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜராவதைப் போன்றது. எனவே மனைப்பிரிவு போட்டவரிடம் ஒரு காசும் வாங்காமல், மனையின் பழைய மூல ஆவணமான தாய்ப்பத்திரத்திலிருந்து உரிமை எப்படிக் கைமாறி வந்தது என்று படிக்கவும், பூங்காவுக்கென உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுத்த இடத்தையே மனையாக்கி விற்கிறார்களா என்று பார்க்கவும், பட்டாவின் உட்பிரிவு எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிடவும் ஒருவர் கற்றுத்தருவாரானால், அவர் கேட்கும் ஐயாயிரமோ பத்தாயிரமோ எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அரசு இணையதளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய பட்டாவையும் வில்லங்கத்தையும் திறந்து காட்டிவிட்டு 25,000 ரூபாய் கேட்பவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் சேரும் படிவத்தின் தலைப்பிலேயே, நீங்கள் மனை எதையாவது பரிந்துரைப்பீர்களா, அது விற்றால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும், முகவராகப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு எண் என்ன என்பவற்றைத் தமிழில், கட்டணத் தொகையை அச்சிடும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அந்த இளைஞரின் ரசீதில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டவேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்