நட்புக்கு அறிக்கை கேட்காதீர்கள்: சென்னைத் திருச்சபைகளின் அருட்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும் அருட்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை ஞாயிறு ஆராதனையில் முன்னே அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அது நல்ல வழக்கம். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்திருக்கிறது. போனவர்களிடம் மாதந்தோறும் ஒரு படிவத்தில் அறிக்கை கேட்கிறோம். எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னாய், புகைப்படம் உண்டா என்று வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறோம். வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பெரம்பூருக்குத் திரும்பியவன் என்ற முறையில், இந்த இரண்டாவது வழக்கத்தை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிழைப்புக்கு வேலை செய்துகொண்டே சுவிசேஷம் சொல்லும் பணிக்கு முன்மாதிரியாக நீங்கள் அப்போஸ்தலனாகிய பவுலைக் காட்டுவீர்கள். கொரிந்து பட்டணத்தில் அவர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் அவர் செய்த கூடாரம் மெய்யான கூடாரம். யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, வெயிலுக்கும் மழைக்கும் அதன்கீழ் ஒதுங்கியிருப்பார். ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்ததாக அவரே தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரியும் அப்படித்தான்: கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனெரிகளை விரும்பாத காலத்தில், அவர் 1794 முதல் வங்காளத்து மட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்தார். நம் ஊரிலேயே பரங்கிமலையும் சாந்தோமும் யாருடைய பெயரால் நிற்கின்றனவோ இயேசுவின் சீடரான அந்தத் தோமாவும் கட்டடக் கைவினைஞராகவே இந்திய அரசன் ஒருவனிடம் வந்து சேர்ந்தார் என்று ஒரு பழைய கதை உண்டு (வரலாறா என்பது வேறு வழக்கு). வேலையை வெறும் விசாவாக நினைத்துப் போகிறவன் அந்த வேலையை அரைமனதோடுதான் செய்வான். அதை முதலில் கண்டுகொள்கிறவர்கள் அவனோடு வேலை செய்கிறவர்களே.

தொழிலாளர் முகாம் எப்படி இருக்கும் என்று இங்கிருந்தபடி நினைத்துப் பார்ப்பது கடினம். ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்கள். ஒரே சமையற்கட்டில் தமிழரும் மலையாளியும் பாகிஸ்தானியரும் நேபாளியும் முறைவைத்துச் சமைப்பார்கள். விடியுமுன் பேருந்து வரும், இருட்டிய பின்தான் திரும்பி வரலாம். அங்கே ஒருவனுடைய விசுவாசம் என்னவென்பது அவன் வாய் திறக்குமுன்பே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். சம்பள நாளில் கடன் கேட்டு வந்தவனிடம் எப்படிப் பேசினான், ஓவர்டைமைக் குறைத்து எழுதியபோது தன் கணக்கை மட்டும் சரிசெய்துகொண்டானா அல்லது அறையிலிருந்த எல்லோருக்குமாகப் போய்க் கேட்டானா, ரமலான் மாதத்தில் பக்கத்துக் கட்டில்காரர் நோன்பிருக்கையில் இவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதையெல்லாம் அங்கே யாரும் மறப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் பெஷாவர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஊரில் அவருடைய தந்தை இறந்தபோது அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அன்றிரவு அவரோடு உட்கார்ந்திருந்தேன். வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பல மாதங்கள் கழித்து, வண்டியில் வரும்போது, மரித்தவர்களைப் பற்றி உங்கள் வேதம் என்ன சொல்கிறது என்று அவராகவே கேட்டார். சொன்னேன். உங்கள் வேதம் என்ன சொல்கிறது என்று நானும் கேட்டேன்; அவரும் சொன்னார். அவர் இன்றும் முஸ்லிம்தான், நாங்கள் இன்றும் நண்பர்கள்தான். உங்கள் அறிக்கைப் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுத இடமில்லாததைக் காட்டிலும் எனக்குப் பெரிய கவலை, எழுத வேண்டுமே என்ற எண்ணம் அந்த இரவையே கெடுத்துவிடும் என்பதுதான். மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டியவன், துக்கத்திலிருக்கும் மனிதனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பேச்சை எப்போது திருப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குத் தூண்டில் என்று பெயர். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதியிருக்கிறார். கேட்பது அவர்கள் பங்கு.

இதையெல்லாம் நூறாண்டுக்கு முன்பே நம்மவர் ஒருவர் உலகத்தின் முன்னால் சொல்லிவிட்டார். வெள்ளாளன்விளையில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரான வே. சா. அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார்; பிறகு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். உடைமையையும் உயிரையும் கொடுத்த மிஷனெரிகள் இந்தியரைச் சமமாக உட்காரவைத்துப் பழகவில்லை என்பதே அவருடைய குறை. அன்று கேட்கும் இடத்தில் இருந்த நாம் இன்று அனுப்பும் இடத்தில் இருக்கிறோம்.

சமம் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் போகிறவர்கள் உண்டு. விடுப்புச் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரமுள்ளவர் தன்கீழ் வேலை செய்யும் ஒருவரை ஜெபக் கூட்டத்துக்கு அழைத்தால், அந்த மனிதர் முடியாது என்று சொல்வது எப்படி? வளைகுடாவில் பெரும்பாலும் குடியிருப்பு அனுமதியே வேலை கொடுப்பவரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மேலே இருப்பவர் தானாக இந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடன் கொடுத்தவருக்கும் இதே விதிதான்.

சட்டத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அமீரகம், குவைத், கத்தார் போன்ற நாடுகள் கிறிஸ்தவர் கூடி வழிபட இடம் கொடுத்திருக்கின்றன. தோஹாவில் கத்தோலிக்க ஆலயம் 2008-ல் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் ஆலயமே கிடையாது. முஸ்லிம்களை மதம் மாற்ற முயல்வது அமீரகத்திலும் கத்தாரிலும் குற்றம். மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டமியற்றிக் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கி வாலிபர் ஐக்கியக் குழுவில் பகிரும் புகைப்படம் எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அனுப்பியவருக்கு வேலையும் விசாவும் போகலாம். படத்தில் அருகில் நிற்கும் நண்பருக்கு, அவருடைய குடும்பத்திலும் ஊரிலும், அதைவிடப் பெரிய ஆபத்து நேரலாம். அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர்.

படிவத்தை எடுத்துவிட்டால் குழுவுக்கு வேலை இருக்காது என்று எண்ண வேண்டாம். புறப்படுகிறவருடைய வேலை ஒப்பந்தத்தை அவருக்கு விளங்கும்படி படித்துக்காட்ட ஒருவர் வேண்டும். முகவரிடம் வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணத்தைப் பற்றி ஒளிவில்லாமல் பேச ஒருவர் வேண்டும். போகிற நாட்டுச் சட்டத்தையும், அங்கே தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, யாரோடு பழகுகிறாய் என்று கேளுங்கள்; பெயர்களைக் கேட்காதீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஒரகடத்திலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் பிள்ளைகள் அங்கே வாழ்வதுபோலவே தகர அறைகளில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரோடேனும் எதையும் எதிர்பாராமல் பழகியவர்தான் வெளிநாட்டுக்குப் போகிறவருக்குப் புத்தி சொல்லத் தகுந்தவர் என்று குழு ஒரு விதி வைத்துக்கொண்டால் நான் மகிழ்வேன்.

அடுத்த மிஷனெரி ஞாயிறுக்குமுன் இந்தப் படிவத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு மாலையை ஒதுக்குவீர்களானால், நானும், வளைகுடா மருத்துவமனைகளில் பணியாற்றித் திரும்பிய செவிலியர் சிலரும் வந்து உங்களோடு உட்கார ஆயத்தமாயிருக்கிறோம்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு சபை உறுப்பினர்