தோளைப் பார், பிறகு துணியைப் பார்

அன்பு மகனுக்கு,

ஆபீசுக்குச் சட்டை எடுக்கப் போவதாகச் சொன்னாய். கடைக்குள் போனதும் கண் நிறத்துக்குத்தான் போகும். நீ முதலில் தோளைப் பார். தோள் எலும்பு முடிந்து கை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் தோள் தையல் உட்கார வேண்டும். கைமேல் சரிந்து கிடந்தால் சட்டை பெரிது, கழுத்துப் பக்கம் ஏறி நின்றால் சிறிது. இடுப்பைப் பிடித்துத் தைப்பதும் கை நீளத்தைக் குறைப்பதும் எந்தத் தையற்காரருக்கும் சின்ன வேலை. தோள், காலர், அக்குள் சுற்று இந்த மூன்றையும் திருத்துவதென்றால் சட்டையையே பிரிக்க வேண்டும். அதனால் இடுப்பு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை, தோள் பொருந்துகிற சட்டையை எடு.

காலருக்குக் குரல்வளைக்குக் கீழே நாடாவைச் சுற்றி அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றரை செ.மீ. கூட்டிக்கொள். மேல் பட்டனைப் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்குமேல் இடம் இருந்தால் டையை இறுக்கும்போது காலர் மடிந்து சுருங்கும்.

அக்குள் சுற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது தாழ்ந்து அகலமாக இருந்தால் கை நன்றாக அசையும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே ஏறி, பேன்ட்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். அறுக்காத அளவுக்கு அக்குளை ஒட்டி இருப்பதுதான் நல்ல வெட்டு. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் விறைப்பாக நிற்காதே கண்ணா. கையைத் தூக்கு, முன்னால் நீட்டு, நாற்காலியில் உட்கார். உட்காரும்போது பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தாலோ, பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழுந்தாலோ மார்போ வயிறோ பற்றவில்லை. உடம்பின் மார்பளவைவிடச் சட்டை சுமார் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் வசதி.

கையைத் தொங்கவிட்டால் கஃப் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். பட்டன் போட்ட கஃப் உள்ளங்கைக்கு நழுவக் கூடாது. கஃப் பிடிப்பாக இருந்தால், முழங்கையை மடக்கும்போதும் சட்டைக் கை மேலே இழுபடாதபடி நீளத்தைத் தாராளமாக விடலாம்.

துணியில் 80, 100, 120 என்று எழுதியிருப்பது நூல் எவ்வளவு மெல்லிசு என்பதைக் காட்டும் எண். எண் ஏற ஏறத் துணி வழவழப்பாகும். ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். தினசரிக்கு 80 அல்லது 100, அதுவும் இரட்டை முறுக்கு நூலில் நெய்தது போதும். பாப்ளின் மெல்லிசு, மழமழப்பு. ட்வில்லில் சாய்வரி தெரியும், கசங்கல் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு தடிப்பு, ஆபீஸ் மிடுக்கு அவ்வளவு இராது. வெள்ளையென்றால் உள்ளே கையை விட்டுப் பார், தோல் நிறம் தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம். இஸ்திரி தேவையில்லை என்று விற்பதில் பிசின் பூச்சு இருக்கும். அது பருத்தி இழையைப் பலவீனமாக்குவதால் காலர் மடிப்பும் கஃப் ஓரமும் முதலில் நைந்துபோகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

தையலை உள்பக்கம் திருப்பிப் பார். ஓர் அங்குலத்தில் 18 தையலுக்குமேல் இருந்தால் கவனமாகத் தைத்தது. பத்துப் பன்னிரண்டுதான் என்றால் அவசர வேலை. கோடு போட்ட சட்டையில் பையின் கோடு உடம்பின் கோட்டோடு சேர்கிறதா பார். காஜா நெருக்கமாக, நூல் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். சிப்பிப் பட்டனைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. காலருக்குள் பசைவைத்து ஒட்டிய கேன்வாஸ் மட்டமானதாக இருந்தால் சில சலவையில் கொப்புளம் கிளம்பும், அதற்கு மருந்தில்லை. காலர் முனையில் செருகியிருக்கும் பட்டையைத் துவைக்குமுன் எடுத்துவிடு.

வாங்கியதும் தையற்காரரிடம் கொடுக்காதே. பருத்தி முதல் சலவைகளில் சுருங்கும். 40 செ.மீ. காலரில் 2 சதவீதம் என்றாலே 8 மி.மீ. போய்விடும். முதலில் ஒரே ஒரு சட்டை எடு. இரண்டு முறை துவைத்து, உலர்த்தி, போட்டுப் பார். காலர் அப்போதும் இறுக்கவில்லையென்றால் இடுப்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மீதிச் சட்டைகளை அதே அளவில் எடுத்துக்கொள்.

அம்மா