எப்பாவலத் தூளும் என் வயலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய பொசுபேற்றுக் கனியம் பற்றிய உங்கள் செய்தியில் நிறம் இருந்தது, பளிங்குக் கட்டமைப்பு இல்லை. புதியதா என்று சர்வதேச கனியவியல் சங்கம் பார்ப்பதே சேர்க்கையையும் அணுக்களின் அடுக்கையும் வைத்துத்தானே!

1971இல் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் கண்டறியப்பட்ட படிவிலுள்ள அப்பதைற்று என்ற பொசுபேற்றுக் கனியத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொசுபரசையும் சுற்றி நாலு ஒட்சிசன்; அவற்றைக் கல்சியம் இறுக்கிப் பிடிக்க, இடையே குழாய்போல் ஓடும் வெளியில் புளோரீன். அந்தப் பிடி லேசில் விடாது. போன காலபோகம் அதை அரைத்த தூளை வயலுக்கு உரமாகப் போட்டேன். அறுவடைக்குப் பிறகும் வரம்போரம் மண்ணிறமாய் அப்படியே கிடந்தது. தென்னைக்குச் சரி, மூன்றரை மாத நெல்லுக்கு எப்போது கரைவது? எங்கள் பல்லும் இதே குடும்பம்தான், வெற்றிலைக்கே அசையவில்லை.

இனியாவது கட்டமைப்பை ஒரு படமாகப் போடுங்கள்.

விவசாயி ஒருவர்,
முத்தையன்கட்டு.